கறந்தவனும் நம்பிய கதை

முதலில் டீயைக் குடித்துவிடலாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வெயிலுமுத்து நினைத்தார். கிளாஸைத் தொட்டார், சுட்டது, கையை எடுத்தார், கையோடு அந்தத் தீர்மானமும் கழன்று போயிற்று. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாரி செட்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட டீக்கடை. பாய்லருக்குப் பக்கத்தில் உலகம்மாள் நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வந்தது, வெள்ளையாகப் பொங்கி வந்தது. பால் வெள்ளையாகப் பொங்காமல் பின்னே எப்படிப் பொங்கும் என்று யாரும் கேட்கலாம். வெயிலுமுத்து கேட்க முடியாது. கரட்டுப்பட்டி என்கிற ஒரு ஊரையே வெள்ளைப் பாலைச் சிவப்பாகப் பார்க்க வைத்த வாய் அவருடைய வாய். அந்த வாய்தான் இப்போது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, புளியம்பழத்துக்கு ஓடு ஒட்டாது என்பார்கள், இது ஒட்டிய பழம். அவள் எல்லோரிடமும் பேசுகிறாள். ஆட்டோக்காரனிடம் பொண்டாட்டி ஊரிலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டாள், மூட்டை தூக்குகிறவனிடம் நேற்று குடித்ததுக்கு இன்றைக்கு எலுமிச்சைச் சாறு குடி என்றாள், தெருநாயைக்கூட 'ஏ, அங்கிட்டுப் போ' என்று மரியாதையாகத்தான் விரட்டினாள். இவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள். சீனி போடவா என்றுகூடக் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதா? தெரியவில்லையா? துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டிருக்கிறார், மீசை வெளுத்துவிட்டது, முன்வாய்ப் பல் இரண்டு போய்விட்டது. ஆனால் குரல் இருக்கிறதே, குரலை அவர் இன்னும் வெளியில் எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும். பாலைத் தூக்கி முகத்தில் ஊற்றினால் வாங்கிக்கொள்ளலாம், வெந்துபோகிற மூஞ்சிதானே. 'நீங்க யாரு' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது, அதுதான் பயம். அவள் வாழ்க்கையைக் கெடுத்தவன் யாரென்றே அவளுக்கு நினைவில்லை என்றால், இத்தனை வருஷம் ராத்திரி தூக்கம் கெட்டதெல்லாம் யாருக்காக?

பேசாமல் டீயை வைத்தாளே, அந்தப் பேசாமைதான் குத்துகிறது, ஏனென்றால் அது அவர் இருந்த கூட்டம் கண்டுபிடித்த ஆயுதம். நெய்ச்சுடர்க் கூட்டம் என்று சொல்லிக்கொண்டு கரட்டுப்பட்டியில் பாதிச் சனம் ஒரு விளக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலம். அணையாத விளக்கு. மாடு வைத்திருக்கிற வீடெல்லாம் முறை வைத்து நெய் கொடுக்க வேண்டும், வீட்டில் தொடுவதற்கு முன்னால் விளக்குக்கு. கூட்டத்துக்குத் தலைவர் அடிகள்; அவர் சொன்னால் சொன்னதுதான். யாராவது மீறினால் சொல்லறுப்பு: அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது, கேட்டால் பதில் கிடையாது, குறுக்கே வந்தால் காற்றைப் போலத் தாண்டிப் போக வேண்டும். உலகம்மாள் வீட்டில் ஒரே ஒரு எருமை. மகள் முப்பிடாதிக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு, மஞ்சள் காமாலை வந்து எழுந்து, எலும்பாக இருந்தாள். விளக்குக்கு முறை வந்த அன்று உலகம்மாள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பிள்ளைக்குப் பிறகுதான் விளக்குக்கு என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாள் என்றால், நெய் வாங்க வந்தவர்கள் முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அன்றைக்கே அறுத்தார்கள். அவளுடைய புருஷன் சுடலையாண்டி கூட்டத்தில் விளக்குத் திரி திரிக்கிறவன்; அவனும் பேச்சை நிறுத்தினான், ஒரே கூரைக்குக் கீழே. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பால். ஊரில் உலகம்மாள் எருமைப்பால்தான் பால், மற்றதெல்லாம் பால் குடித்த தண்ணீர். பேசத்தானே கூடாது, வாங்கக் கூடாது என்று அடிகள் சொல்லவில்லையே. சனங்கள் விடியலில் வந்து அவள் வீட்டுக் குட்டிச்சுவரின் மேல் செம்பை வைப்பார்கள், இருமுவார்கள், எட்டி நின்று வானத்தைப் பார்ப்பார்கள்; அவள் வந்து ஊற்றிவிட்டு அவளும் வானத்தைப் பார்ப்பாள். ஊரே விடியலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடிகளின் மனைவியின் செம்பும் அந்தச் சுவரில் இருந்ததென்று வெயிலுமுத்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இல்லை, கொஞ்சம் இல்லை, முழுக்கவே. பார், இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் ஒன்று முளைத்துவிட்டது.

ஊர் இப்படிப் பால் வாங்கியதால்தான் அடிகள் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெயிலுமுத்து கூட்டத்துக் கதைசொல்லி. தாமிரபரணியில் முதலை முதுகில் ஏறி அக்கரைக்குப் போனேன், பாதி ஆற்றில் அதற்குத் தூக்கம் வந்துவிட்டது, நான்தான் தட்டி எழுப்பினேன் என்று சொன்னால் பக்கத்திலிருப்பவன் தன் முதுகைத் தடவிப் பார்ப்பான், அப்படி ஒரு வாய். அடிகள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சுவரில் செம்பு நிறைய இருக்காமே வெயிலுமுத்து, என்று மட்டும் கேட்டார், கேட்டுவிட்டு விபூதித் தட்டைத் தள்ளினார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இவர் சரக்கு. வழியிலேயே கதை வந்துவிட்டது. உடைமர முள்ளை மிதித்ததுகூடத் தெரியாமல் நடந்தார். ஏதோ ஒரு ஆணி, அது கெட்டியாக இருந்தால் மீதி எல்லாவற்றையும் அதில் தொங்கவிடலாம், இதுதான் தொழில். அவர் அடித்த ஆணி: பால் கறக்கும்போது வெள்ளை, சுவருக்கு வந்த பிறகு சிவப்பு. ஏன்? சுவர் வரைக்கும் அவள் நிழலில் வருகிறது. செம்பில் ஊற்றும்போது மறுபடியும் வெள்ளையாகிவிடும், ஏனென்றால் வாங்குகிறவன் நல்லவன். ஆக யாரும் கண்ணால் பார்க்க முடியாது, யாரும் மறுக்கவும் முடியாது. குடித்தவன் வயிற்றுக்குத்தான் தெரியும். அந்திப் பூசைக்குப் பிறகு சொன்னார். குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் உதடு மட்டும் அசைகிற மாதிரி. மறுநாள் சுவரில் ஒரு செம்பு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உலகம்மாள் பாலை வாய்க்காலில் ஊற்றினாள். வாய்க்கால் வெள்ளையாக ஓடியதைப் பார்த்தும், பாரு, கழுவுறா, என்றார்கள். ஆனால் இதெல்லாம்கூட இல்லை. சுற்றிச் சுற்றி மனசு வந்து மாட்டிக்கொள்கிற முள் எது என்றால் சுடலையாண்டி. அவன்தானே அந்த எருமையைக் கறந்தான். தினமும் தன் இரண்டு கையால், மடியிலிருந்து, நுரை மணிக்கட்டில் தெறிக்க. கதை கேட்ட மறுநாளும் கறந்தான், கறந்துவிட்டுப் பாத்திரத்தை எட்டி உதைத்தான், கையைச் சாணி போட்டுக் கழுவினான். கறந்தவனே நம்பினான். அதைக் கேள்விப்பட்டபோது வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு விம்மியது. உண்மையைச் சொல்ல வேண்டும், விம்மியது. இப்போதும், இந்தப் பெஞ்சில், அந்த விம்மலின் ஒரு துளி எங்கோ அடியில் கிடந்து அசைகிறது, கறந்தவனையே நம்ப வைத்தவன் இந்தச் சீமையில் எவன் இருக்கிறான் என்று. அந்தத் துளியைத்தான் நசுக்க முடியவில்லை. எருமையைப் பாலுக்கு வாங்க ஆளில்லை, கேரளா லாரிக்காரன் எடைக்கு வாங்கிப் போனான். லாரியில் ஏறமாட்டேன் என்று அது முன்காலை மடக்கி உட்கார்ந்ததாம். உலகம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே லாரி போன தடத்தில் நடந்து போனாள். சுடலையாண்டி வாசலில் நின்று, காற்றைப் பார்ப்பது போலப் பார்த்தான். போன மாசி மாதம் செத்தான். கடைசி வரைக்கும் பேசவில்லை.

அடிகளும் செத்தார், விஷக்காய்ச்சலில், எல்லோரையும் போல. மருமகன் இடத்தை விற்றான், விளக்கு ஒரு நாள் காற்றில் அணைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பெரிய அடி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது. கூட்டம் கலைந்த பிறகு நாலைந்து பேர் மட்டும், அவர்களில் ஒருவரான ஓடைமறிச்சான் வீட்டுக் களத்தில் கூடினார்கள், குடிகாரன் போதை தெளிந்து முந்தின நாள் யாரை அடித்தோம் என்று விசாரிப்பானே, அந்த மாதிரி. ஒவ்வொருவரும் தான் கெடுத்த வீட்டுக்குத் தானே போக வேண்டும் என்று முடிவாயிற்று. போனால் காலில் விழக் கூடாது. விழுந்து விழுந்துதானே இந்தக் கதிக்கு வந்தோம். அழக் கூடாது, அழுதால் அவர்கள் நமக்குச் சமாதானம் சொல்ல வேண்டி வரும். அடிகள் சொல்லித்தான் செய்தேன் என்ற பேச்சே வரக் கூடாது. மன்னிப்பும் கேட்கக் கூடாது, கேட்டால் அவர்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும், ஏற்கெனவே நம்மிடம் நிறையக் கொடுத்தவர்கள். செய்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்கள் போ என்கிற வரைக்கும். ஓடைமறிச்சான்தான் முதலில் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகாதே, விளக்கு பார்த்துக்கொள்ளும் என்று அவர் வழிமறித்த ஆளுக்குக் கால் போயிருந்தது. அந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தானாம், வெகுநேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து வீசினானாம். திரும்பி வந்த ஓடைமறிச்சான் நடையைப் பார்க்க வேண்டுமே, பட்டாளத்திலிருந்து வந்தவன் மாதிரி. வெயிலுமுத்துவுக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கென்று மட்டும் கூடுதலாக ஒரு கட்டளை போட்டார்கள். "வே, நீரு கை கால் வைக்கப்படாது. உள்ளதைச் சொல்லிட்டு வாயை மூடும்," என்றார் ஓடைமறிச்சான். சரி என்று வந்தாயிற்று. பஸ்ஸில் ஏறியதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். உலகம்மா, அந்தப் பால் கதையைக் கட்டினது நான்தான். இவ்வளவுதான் வாக்கியம். ஆனால் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அதற்கு ஒரு கால் முளைத்தது. குருவிகுளத்தில் மழை வந்தது, கழுகுமலைக்கு அந்தப் பக்கம் எருமை கண்ணீர் விட்டது, இறங்கும் நேரத்தில் வெயிலுமுத்துவே ஒரு கதாநாயகனாகி, கொட்டும் மழையில் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சீ என்று எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் கடைக்குள் வந்தார். இங்கே இன்னொரு சிக்கல். ஓடைமறிச்சான் விசாரித்ததில், உலகம்மாள் இந்த ஊரில் தன் ஊரைச் சொன்னதேயில்லை. மதுரைப் பக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகவே ஆட்கள் போகட்டும், தனியாகச் சொல்லுவோம். ஆட்கள் போகிறார்களா? ஒருவன் எழுந்தால் இருவர் உட்காருகிறார்கள். டீ மேல் ஆடை படிந்துவிட்டது.

அப்போதுதான் எதிர்ப் பெஞ்சில் கொம்பையா என்று கூப்பிடப்பட்ட லோடுமேன் ஆரம்பித்தான். பேச்சு கலப்படப் பாலில் தொடங்கி எங்கெங்கோ போய், ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒருத்தி வீட்டுப் பசு ரத்தமாகக் கறந்ததாம், சாமிக் குத்தமாம், அவனுடைய மச்சினன் கண்ணால் பார்த்தானாம் என்று வந்து நின்றது. வெயிலுமுத்துவுக்கு முதுகுத்தண்டில் ஒரு எறும்பு ஏறியது. என் பிள்ளை. ஊர் ஊராகச் சுற்றி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. பசுவாம். ரத்தமாம். மடியிலேயே சிவப்பாம். அடே மடையா, மடியில் சிவப்பு என்றால் எவன் நம்புவான், கறக்கும்போது வெள்ளையாக இருக்க வேண்டும், நிழலில்தான் மாற வேண்டும், அதுதானே ஆணி. திருத்துவதற்கு நாக்கு எழுந்தே விட்டது. அந்த நேரத்தில் கண் தற்செயலாகப் பாய்லர் பக்கம் போயிற்று. உலகம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினாள். மறுபடியும் அதே கிளாஸ். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கை மட்டும் அந்த ஒரு கிளாஸை விடமாட்டேன் என்றது. இதை இவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள், எத்தனை கொம்பையாக்கள் வாயில், எத்தனை பெஞ்சுகளில், வாயைத் திறக்காமல், யாருக்கோ நடந்தது மாதிரி. அவர் அவளை ஊரைவிட்டுத்தான் துரத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கதை அவளைத் துரத்திக்கொண்டு இங்கேயும் வந்திருக்கிறது. ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்தது யாருக்காக, அவளுக்காகவா, தனக்காகவா? எல்லோர் முன்னாலும் சொன்னதை ஒருத்தி காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பிக் கொடுத்தால் அது எப்படிக் கணக்குக்குச் சரி வரும்? அவர் முக்காட்டை எடுத்தார். "தம்பி, அந்தக் கதை பொய். கட்டினவன் நான்தான்," என்றார்.

கடையே சிரித்தது. கொம்பையா மட்டும் சிரிக்காமல், மிகவும் பணிவாக, "அப்படியா அண்ணாச்சி? அப்ப நிலாவுல பாட்டி வடை சுட்டதும் உங்க கைங்கரியம்தானா?" என்று கேட்டான். ஆட்டோக்காரனுக்கு டீ புரையேறியது. மச்சினன் கண்ணால் பார்த்தது பொய், பெரியவர் வாயால் சொல்வது மெய்யா என்று இன்னொருவன் நியாயம் கேட்டான். வெயிலுமுத்துவுக்கு வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. முதலையை நம்பிய உலகம், பல் போன வாயால் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னால் சிரிக்கிறது. நம்ப வைக்க வழி தெரியாமலா? இதோ, கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கிறது: குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், ஒரு பெருமூச்சு, அடிகளின் விபூதித் தட்டு, மழையில் ஒரு எருமை, கண்ணோரத்தில் ஒரு துளி, இந்தக் கொம்பையா இன்றைக்கு மூட்டை தூக்காமல் வீட்டுக்குப் போய் அழுவான். இல்லையென்றால் விரலை நீட்டி, இதோ நிற்கிறாளே இவளிடம் கேளுங்கள் என்று சொன்னால் தீர்ந்தது. இரண்டும் தொண்டை வரைக்கும் வந்தன. இரண்டையும் விழுங்கினார். விழுங்குவது இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொன்னதில்லை, நெருஞ்சி முள்ளை விழுங்கின மாதிரி. "பால் வெள்ளையாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். ஒரு வீடு போச்சு," என்றார். அவருக்கே கேட்க நன்றாக இல்லை. ஆணியும் இல்லை, தொங்கலும் இல்லை, பரீட்சையில் தோற்றவன் வாசித்த மாதிரி இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. எழுபது வருஷத்து வாய் ஒரு தடவை, ஒரே தடவை, ஜோடனை இல்லாமல் திறந்து மூடியிருக்கிறது, அதற்கு ஒருத்தரும் கைதட்டவில்லை, இருந்தும் நிமிர்ந்தது. பெரியவருக்கு வெயில் ஏறிவிட்டது, மோர் வாங்கிக் கொடுங்கள் என்று எவனோ சொன்னான்.

"அது என் எருமை," என்றாள் உலகம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஆட்டோக்காரன் இருமுவதை நிறுத்தினான். அவள் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள், வந்து கொம்பையாவுக்கு நேராக நின்றாள். பசு இல்லை எருமை, ராஜபாளையம் இல்லை கரட்டுப்பட்டி, ஒருத்தி இல்லை நான்தான் என்று ஒவ்வொன்றாக, கடன்காரனுக்குச் சொல்வது போல இல்லாமல், தன் வீட்டுச் சாமானை இன்னொருத்தன் கையிலிருந்து வாங்கி வைப்பது போலச் சொன்னாள். கொம்பையா எழுந்துவிட்டான், உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகுதான் அவள் இவர் பக்கம் திரும்பினாள். வந்து உட்கார்ந்தபோதே அடையாளம் தெரிந்ததாம். செருப்பை வெளியில் கழற்றிவிட்டுக் கடைக்குள் வருகிற ஒரே கூட்டம் உங்கள் கூட்டம்தானே என்றாள். வெயிலுமுத்து வாசலைப் பார்த்தார்; டீக்கடை வாசலில், கோயில் வாசல் மாதிரி, அவருடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது. நாக்குக்குக் காவல் போட்டவர்கள் காலுக்குப் போட மறந்துவிட்டார்கள். எவ்வளவு நேரம்தான் வாயைத் திறக்காமல் இருப்பீர் என்று பார்த்தேன், என்றாள்.

"இங்க எதுக்கு வந்து சொல்லுதீரு அண்ணாச்சி? இங்க எவன் என் பாலை வேண்டாம்னான்?" ஆள் வைத்துப் பாலை அளக்கிற அளவுக்குக் கடை ஓடுகிறது, முப்பிடாதி தென்காசியில் நர்ஸாக இருக்கிறாள், இங்கே நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை, ஆனால் கரட்டுப்பட்டியில் இன்னைக்கும் நான் சிவப்புப் பால்காரி. புருஷன் செத்த சேதி கேட்டுப் போக நினைத்தேன், அந்தச் சுவரைத் தாண்டக் கால் வரவில்லை என்றாள். சொன்ன இடத்தில் சொல்ல வேண்டும். அதே அந்தி நேரத்தில், அதே சனங்கள் முன்னால். வெயிலுமுத்து மெல்ல, அங்கே நான் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார், சற்று முன்புதான் அதன் ருசியைப் பார்த்திருந்தார். "நம்ப வையும். கறந்தவனையே நம்ப வச்சவருதானே. பொய்க்கு அவ்வளவு சிங்காரிச்சீரு, மெய்யின்னா மொட்டையாச் சொல்லிட்டுப் போயிருவீரோ?" ஓடைமறிச்சானின் கட்டளை அந்த இடத்திலேயே உடைந்தது. விழாதே, அழாதே, கேட்காதே, கை கால் வைக்காதே, இதெல்லாம் யார் போட்ட சட்டம்? கெடுத்தவர்களே களத்தில் உட்கார்ந்து, தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட சட்டம். வாழ்க்கை கெட்டவளிடம் யார் கேட்டார்கள், உனக்கு என்ன வேண்டுமென்று? கூட்டம் கலைந்தது என்று நினைத்தார். அவர்கள் போன பிறகும் கூட்டம் அவர்களுக்குள் கட்டளை போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் அடுப்பை அணைத்தாள். வியாபாரம் மும்முரமாக இருக்கிற நேரத்தில் கடையைச் சாத்தினாள். கொம்பையா கேட்காமலே பெஞ்சுகளைத் தூக்கி உள்ளே வைத்தான். கரட்டுப்பட்டி பஸ்ஸில் அவள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் பையை வைத்தாள், இவர் பின் சீட்டு. ஊரைத் தாண்டியதும் வெயிலுமுத்துவின் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கியது. பழைய சூடு ஏறியது, ஆனால் இது வேறு சூடு. மழை வேண்டாம், மழை அன்று பெய்யவில்லை. கண்ணீர் வேண்டாம், எருமை அழுததை யாரும் பார்க்கவில்லை. முன்காலை மடக்கி உட்கார்ந்ததே, அது உண்டு, அது போதும்; சுவரில் வைத்த செம்புகள் உண்டு, எவனெவன் செம்பு என்றும் தெரியும், பேர் சொல்லியே கூப்பிடலாம். விபூதித் தட்டில் தொடங்கக் கூடாது, அது அடிகள் மேல் பழியைப் போடுவது. என் நாக்கில் தொடங்க வேண்டும். இந்தச் சீமையில் பொய்யை என்னை விட நன்றாகச் சொன்னவன் இல்லை, சரி, மெய்யையும் எவன் இப்படிச் சொல்வான், இன்றைக்குப் பார்த்துவிடுவோம். சுடலையாண்டியின் கை, மணிக்கட்டில் நுரை, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், ஊரே தன் கையைப் பார்க்கிற மாதிரி. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒன்று மட்டும் இல்லை. கதையில் அத்தனை நாள் எருமை எருமை என்றே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தேவைப்படவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதுக்குப் பேரு என்ன உலகம்மா என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. வயல்கள் போயின, ஒரு குளம் போயிற்று, கண்டக்டர் வந்துவிட்டுப் போனான். சொல்லறுத்துவிட்டாள் என்று அவர் நினைத்த நேரத்தில் பதில் வந்தது.

"அதை நீரு சொல்ல வேண்டாம். நீரு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு உக்காரும். பேரை நான் சொல்லுதேன்."

வெயிலுமுத்து தன் கதைக்கு முடிவை இன்னொருவர் வாயில் விட்டதே கிடையாது. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, சரி என்றார்.